பழைய இழைப்புளியில் நேரம் போக வேண்டிய இடம்

பழைய இரும்புக் கடையில் ரெக்கார்டு நிறுவனத்தின் 4ஆம் எண் இழைப்புளி கண்ணில் பட்டால், துருவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். நான் வாங்கியது செங்கல் நிறத்தில்தான் இருந்தது. பார்க்க வேண்டியது வாயோரத்து விரிசலை; வாய் என்பது அடிப்பரப்பில் அலகு வெளியே நீட்டும் பிளவு. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விடும்; விரிசல் இருந்தால் வாங்காதீர்கள்.

இறுகிய திருகுகளை மண்ணெண்ணெய் இளக்கியது. துரு, வினிகரில் ஓரிரவு ஊறியதும் கம்பித் தூரிகைக்கு வந்துவிட்டது. அடிப்பரப்பைத் தட்டையாக்க, தடித்த கண்ணாடி மேல் 80ஆம் எண் உப்புத்தாள். அலகை உள்ளிழுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கழற்றாதீர்கள். அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியின் இறுக்கத்தில் உடல் சற்றே வளையும், அந்த நிலையில்தான் தேய்க்க வேண்டும். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே தளத்துக்கு வந்தால் போதும். நடுவில் கிடக்கும் சிறு பள்ளங்களைத் துரத்துவது வீண் வேலை.

உண்மையான வேலை, அலகின் மேல் பூட்டப்பட்டுச் சீவலை மடக்கி உடைக்கும் மேல்தகட்டில் இருக்கிறது. அலகை 30 பாகைக்குத் தீட்டி, மயிர் மழிக்கும் கூர் வந்த பிறகும் சீவல் வாயில் சிக்கிக்கொண்டே இருந்தது. அலகையும் மேல்தகட்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது காரணம் தெரிந்தது: ஒரு மூலையில் நூலிழை ஒளி. சீவல் நுழைய அதுவே தாராளம். தகட்டின் பின்முனையைக் கல்லின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, முன்விளிம்பு மட்டும் படும்படி தேய்த்தேன். பிறகு அலகின் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வைத்துப் பூட்டினேன். நார் திசை மாறி மாறி ஓடும் வேங்கைப் பலகையில்கூடப் பிய்த்தல் நின்றுவிட்டது! அந்தச் சீவல் முழு அகலத்துக்கு எழுந்து வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. மேல்தகட்டை அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்க வேண்டும்.

1869இல் ஸ்டான்லி நிறுவனம் காப்புரிமையை வாங்கிய லெனார்டு பெய்லியின் வடிவமைப்பைத்தான் ஷெஃபீல்டின் ரெக்கார்டும் பின்பற்றியது. அதனால் அலகை முன்னும் பின்னும் நகர்த்தும் பித்தளைச் சக்கரத்தின் பழக்கமும் ஒன்றே: திருப்பும் திசையை மாற்றினால் கொஞ்சம் வெறுமனே சுழலும். எப்போதும் அலகை முன்னே தள்ளும் திசையில் முடியுங்கள். இல்லையென்றால் வேலையின் நடுவே அலகு பின்வாங்கும். மூடித் திருகு, விரலால் சக்கரம் திருப்ப முடிகிற அளவுக்கு மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

பின் கைப்பிடி மட்டும் இன்னும் பிளந்தே இருக்கிறது. நூக்கமரத்தில் புதிதாகச் செய்தவர்கள் இருந்தால், கம்பி செல்லும் நீளத் துளையை எப்படி நேராகப் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.