புதுப்பிப்பு: வாட்ச்டாக் மீட்டமைத்த பின் போர்டு எழாத சிக்கல் தீர்ந்தது

வாட்ச்டாக் (நிரல் மாட்டிக்கொண்டால் சில்லைத் தானே மீட்டமைக்கும், அதாவது ரீசெட் செய்யும் டைமர்) ஒருமுறை மீட்டமைத்துவிட்டால், ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சில்லு உள்ள என் போர்டு மீண்டும் எழுவதில்லை, எல்இடி மட்டும் படபடவென்று துடிக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மின்வழங்கியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மீட்டமைத்ததும் முதலில் ஓடி, பிறகு நம் நிரலைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடரைச் சந்தேகிக்கச் சொன்னவர்தான் சரியாகச் சொன்னார். இந்தச் சில்லில் மீட்டமைப்புக்குப் பின்னும் வாட்ச்டாக் அணைவதில்லை. அதன் கெடு நேரம் நான் வைத்த 8 விநாடி போய், சுமார் 16 மில்லிவிநாடிக்கு இறங்கிவிடுகிறது. பழைய பூட்லோடரோ அதை அணைக்காமல், புதிய நிரல் வருமா என்று நிதானமாகக் காத்துக்கொண்டிருந்தது. என் நிரலின் முதல் வரிக்கு முறை வருமுன்பே அடுத்த மீட்டமைப்பு! நிரலின் தொடக்கத்தில் வாட்ச்டாக்கை அணைத்துப் பார்த்தும் பலிக்காததன் மர்மம் இதுதான். ஐஎஸ்பி (சில்லில் நேரடியாக நிரலை எழுதும் இணைப்பு) வழியாக, வாட்ச்டாக்கை அணைத்துவிடும் ஆப்டிபூட் என்ற வேறு பூட்லோடரை எழுதினேன். பிறகு முடிவற்ற சுழலில் நிரலை வேண்டுமென்றே மாட்டவைத்துப் பலமுறை சோதித்தேன். ஒவ்வொரு முறையும் போர்டு தானே எழுந்தது.

எதிர்பாராத ஒன்று: மீட்டமைப்புக்குக் காரணம் சொல்லும் எம்சியூஎஸ்ஆர் பதிவேடு (சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடம்) இப்போது 0 என்றே காட்டுகிறது. நான் எழுதிய பதிப்பில் பூட்லோடரே அதைப் படித்து அழித்துவிடுகிறது. பழைய மதிப்பு ஆர்2 பதிவேட்டில் கிடைக்கும். ஆனால் நிரலின் முதன்மைச் செயற்கூறான மெயின் தொடங்குவதற்கு முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.