நான்கே கார்ட்களில் சுற்றிவரும் ராக் பாடல் நம்மை ஏன் உலுக்குகிறது?

மாலைக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இசையை முறையாகக் கற்றவன் அல்லன். ஆறு மாதங்களாகத்தான் கிட்டார் பழகிவருகிறேன். யூ2 குழுவினர் 1987இல் வெளியிட்ட 'வித் ஆர் விதவுட் யூ' பாடலைக் கல்லூரி நாட்களிலிருந்து கேட்டுவருகிறேன். அன்று அதன் ஆங்கில வரிகளில் பாதி எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் மூன்றாவது நிமிடத்தை ஒட்டிப் பாடகர் போனோ சொற்களைக் கைவிட்டு வெறும் ஓகாரமாகக் குரலை எழுப்பும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்த்துவிடும்.

சென்ற வாரம் அதை வாசிக்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது, தொடக்கம் முதல் முடிவு வரை டி, ஏ, பி மைனர், ஜி என்னும் நான்கு கார்ட்களே (சேர்ந்து ஒலிக்கும் சுவரத் தொகுதிகளே) அதே வரிசையில் சுற்றிச்சுற்றி வருகின்றன என்று தெரிந்துகொண்டேன். சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு வேறொன்று என்ற மாற்றம்கூட இல்லை. இதே நான்கின் உறவுமுறையில் அமைந்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை என்னை ஒன்றும் செய்வதில்லை. அப்படியானால் இந்தப் பாடலை எழுதியவர்கள் வேறு எதைச் செய்திருக்கிறார்கள்? அந்த இடம் வரப்போகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அது ஏன் பழகிச் சலித்துப்போவதில்லை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறுதந்தி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். தங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கார்ட் மாறவில்லை என்பதால்தான் அந்தப் பாடல் வேலை செய்கிறது. அடித்தளம் அசையாமல் நிற்கும்போது அதன்மேல் நிகழும் சிறிய மாற்றமும் பெரிதாகக் கேட்கும். ஆகவே அந்தக் குழுவினர் கார்ட்களை விட்டுவிட்டு, எந்தக் கருவி எப்போது உள்ளே வரவேண்டும் என்பதைக்கொண்டே பாடலை எழுதியிருக்கிறார்கள்.

மறுமுறை கேட்கும்போது பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஆடம் கிளேட்டன் ஒரே நடையில், ஒரே அழுத்தத்தில், ஏறக்குறைய பாடல் முழுவதும் வாசித்துக்கொண்டே போகிறார். அதன்மேல் குழுவின் கிட்டார் கலைஞர் தி எட்ஜின் கிட்டார் முதலில் கிட்டாராகவே கேட்பதில்லை. தந்தியை மீட்டாமலேயே சுவரத்தை விருப்பப்பட்ட நேரம் நீட்டித்துத் தரும் 'இன்ஃபினிட் கிட்டார்' என்ற கருவியை மைக்கேல் புரூக் என்ற கனடிய இசைக்கலைஞர் உருவாக்கித் தந்திருந்தார், அந்த நீண்ட ஓசைதான் தொலைவில் மிதக்கிறது. டிரம்ஸும் தொடக்கத்தில் முழு வலிமையோடு வருவதில்லை. போனோ கீழ்ஸ்தாயியில், ஏறத்தாழப் பேசுவதுபோலத் தொடங்குகிறார். அதே மெட்டைப் பின்னர் ஒரு ஸ்தாயி உயர்த்திப் பாடும்போது, பாடுபவரின் தொண்டை படும் பாட்டைக் கேட்பவரின் தொண்டையும் உணர்கிறது. இவ்வாறு ஒவ்வொன்றாக நம்மிடம் தராமல் நிறுத்திவைக்கப்பட்டவை அனைத்தும் தாங்கள் சொல்லும் அந்த ஓகாரத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதற்குப் பிறகு நிகழ்வதையும் கவனியுங்கள்: பாடல் உடனே இறங்கிவிடுகிறது, எந்தக் குழுவும் கிட்டாரின் தனி ஆவர்த்தனம் ஒன்றை வைக்கத் துடிக்கும் அந்த முடிவுப் பகுதியில் தி எட்ஜ் மிக எளிய சில சுவரங்களோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அடக்கத்தை நான் அப்பாடலின் மிகச் சிறந்த முடிவாகக் கருதுகிறேன்.

தெரிந்தும் ஏன் சலிப்பதில்லை என்ற கேள்விக்கு ஆய்வாளர்களும் விடை தேடியிருக்கிறார்கள். இசை எழுப்பும் உணர்ச்சிக்கு எதிர்பார்ப்பும் அதன் தாமதமுமே காரணம் என்று இசைக் கோட்பாட்டாளர் லியோனார்ட் மேயர் 1956இலேயே ஒரு நூல் எழுதினார். 2011இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த ஆய்வில், தமக்கு மெய்சிலிர்ப்பைத் தரும் இசையைத் தாமே தேர்ந்து கொண்டுவந்தவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உச்சத்தின்போது மட்டுமல்லாமல், அதற்காகக் காத்திருக்கும் சில விநாடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பது தெரியவந்தது. அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்தவரால்தான் அதற்காகக் காத்திருக்க முடியும். ஆகவே பழக்கம் இங்கே இன்பத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

ஒலிக்கூடம் எழுதியது:

ஆறுதந்தி அவர்கள் கூறியதை மதிக்கிறேன். ஆனால் நிறுத்திவைத்துத் தருவதுதான் ராக் பாடலின் ஒரே வழி என்று புதியவர் எண்ணிவிடக் கூடாது. ரமோன்ஸ் குழுவின் 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' 1976இல் வந்தது. இரண்டேகால் நிமிடம்கூட ஓடாத அந்தப் பாடல் முதல் விநாடியிலேயே தன்னிடமுள்ள அனைத்தையும் கொட்டிவிடுகிறது. அதில் காத்திருப்பு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கூட்டமாகச் சேர்ந்து கத்தத்தக்க ஒரு முழக்கமும், மூச்சுவிடாத தாளமுமே அதை நடத்திச் செல்கின்றன.

நான் ஒலிப்பதிவுத் துறையில் பணிபுரிபவன் என்பதால், நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாடலை முன்வைக்க விரும்புகிறேன். 1991ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸின் சவுண்ட் சிட்டி ஒலிக்கூடத்தில் புட்ச் விக் தயாரிப்பில் பதிவான அப்பாடலும் நான்கு கார்ட்களில்தான் நிற்கிறது. சரணத்தில் பேஸும் டிரம்ஸும் மட்டுமே நடக்க, கிட்டார் இரண்டே சுவரங்களைச் சொட்டுச்சொட்டாக விடுகிறது. பல்லவியில் டிஸ்டார்ஷனோடு மொத்தமும் வெடிக்கிறது. மென்மையும் முழக்கமும் மாறிமாறி வரும் இந்த முறையைப் பிக்சீஸ் குழுவிடமிருந்து எடுத்துக்கொள்ள முயன்றதாக நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே டிஸ்டார்ஷன் செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, மூல ஓசையில் இல்லாத மேல்சுருதிகள் ஏராளமாகப் பிறக்கின்றன. முழு கார்ட்டை அப்படி ஒலிக்கவிட்டால் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும் என்பதால், ராக் கலைஞர்கள் காந்தாரத்தை நீக்கிவிட்டு ஆதார சுவரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துப் பவர் கார்ட் வாசிக்கிறார்கள். ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது காந்தாரமே. அது இல்லாதபோது மகிழ்ச்சியா சோகமா என்ற முடிவு முழுவதும் பாடுபவரின் குரலிடம் வந்துசேர்கிறது. கோபேனின் குரலில் இரண்டும் கலந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பல்லவியின் அகலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரே வரியை இருமுறை பாடிப் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் முறையைக் கோபேன் முதலில் விரும்பவில்லை, பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லியே விக் அவரை இணங்கச் செய்தார்.

பாடல் எழுத்து என்பது தாளில் முடிந்துவிடுவதில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். மென்மையான சரணத்தையும் ஒலியளவு கூட்டி மேலே தூக்கிவிட்டால் அதே பாடலின் பல்லவி செத்துவிடும். அப்படி ஒரே ஒலியளவுக்குச் சமமாக்கப்பட்ட பதிவுகளைக் கேட்க நேரும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் ஏற்படுகிறது.

நெடில் எழுதியது:

இருவரும் சொற்களை விட்டுவிட்டீர்கள். மாலைக்காற்று அவர்களுக்கு அன்று பாதி வரிகள் புரியவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் சொற்களின் ஓசை அவரைச் சென்று சேர்ந்திருக்கிறது. சுவரத்தை நீட்ட வேண்டிய இடத்தில் குறிலையோ வல்லின மெய்யையோ வைத்தால் பாடகருக்கு வாய் அடைபடும் என்பது நம் பாடலாசிரியர்கள் அனைவருக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் அதே நியதிதான். தாங்கள் குறிப்பிட்ட பாடலின் தலைப்பு 'யூ' என்னும் நெடிலில் முடிவதையும், உச்சத்தில் ஓகாரம் மட்டுமே எஞ்சுவதையும் பாருங்கள்.

ரேடியோஹெட் குழுவின் 'க்ரீப்' (1992) இதற்கு மேலும் நல்ல சான்று. அதன் தலைப்புச் சொல் தன்னையே இழித்துக்கொள்ளும் சொல். அதன் ஈகாரத்தைப் பாடகர் தாம் யார்க் நீட்டிப் பாடும்போது அந்த இழிவை ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் வலி ஓசையிலேயே வந்துவிடுகிறது. இதுவும் நான்கே கார்ட்கள் முழுப் பாடலையும் சுற்றிவரும் அமைப்புதான்: ஜி, பி, சி, சி மைனர். இவற்றுள் ஜி மேஜர் ஸ்கேலுக்குப் (சுவர வரிசைக்குப்) புறம்பானவை இரண்டு. ஜியைச் சட்ஜமாக வைத்து நான்கு கார்ட்களிலும் ஒளிந்திருக்கும் ஒரு வரியை மட்டும் பிரித்தெடுத்தால், பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மீண்டும் சுத்த தைவதம், பிறகு பஞ்சமம் என்று வருகிறது. அரைச்சுருதி அரைச்சுருதியாக இரண்டு படி ஏறி, எட்ட வேண்டியதை எட்டாமலேயே அதே இரண்டு படி இறங்கித் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும் அந்த வரி, ஆசைப்பட்டுப் பின்வாங்கும் ஒருவனின் கதையைச் சொற்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. சொல்லும் சுவரமும் ஒரே பொருளைச் சொல்லும் இந்தப் பொருத்தத்தையே நான் நல்ல எழுத்து என்பேன்.

பல்லவிக்கு முன்னால் ஜானி கிரீன்வுட் கிட்டாரில் ஓங்கி அடிக்கும் முரட்டு ஓசையும் இப்பாடலில் புகழ்பெற்றது. பாடல் மிக மென்மையாக இருப்பது பிடிக்காமல் அதைக் கெடுப்பதற்காகவே அவர் அப்படி அடித்தார் என்று உடன் வாசித்த எட் ஓபிரையன் சொல்லியிருக்கிறார். கெடுக்க வந்ததைக் குழுவினர் வைத்துக்கொண்டார்கள். இன்று அந்த அடி இல்லாமல் பாடலை எண்ணிப்பார்க்கவே முடியவில்லை.

மாலைக்காற்று எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சிறு ஐயம்: நெடில் அவர்கள் சொன்ன தைவத வரியை கிட்டாரில் நான் எப்படித் தனியாகக் கேட்பது? பி கார்ட் எனக்கு இன்னும் சரியாகப் பிடிக்க வரவில்லை.

ஆறுதந்தி எழுதியது:

கார்ட் எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. நான்காவது தந்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த தந்தி, முதல் ஃபிரெட் (கழுத்துப் பலகையின் முதல் கட்டம்), இரண்டாம் ஃபிரெட், மீண்டும் முதல் ஃபிரெட், திறந்த தந்தி. பதிவை ஓடவிட்டு, கார்ட் மாறும்போதெல்லாம் ஒன்று என்ற கணக்கில் மெதுவாக வாசித்துக்கொண்டே வாருங்கள்.

மாலைக்காற்று எழுதியது:

வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் ஃபிரெட்டிலிருந்து விரலைப் பின்னுக்கு இழுக்கும் அந்த ஒரு படியில், சி மேஜர் சி மைனராக மாறும் இடத்தில், பாடல் முழுவதும் எனக்குப் புரிந்ததுபோல் இருந்தது. இருபது நிமிடங்களுக்கும் மேலாக அந்த ஒற்றைத் தந்தியையே வாசித்துக்கொண்டிருந்தேன்.