சூடானதும் மூன்றாவது கியர் விழ மாட்டேன் என்கிறது

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வண்டி 2015 மாடல் ஹேட்ச்பேக், 1.6 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இந்த வண்டியை நான் வாங்கியதே அந்த மேனுவல் கியருக்காகத்தான்.

வைகாசியில் ஆரம்பித்த தொல்லை. காலையில் ஒரு குறையும் தெரியாது, தென்காசி ரோட்டில் ஆலங்குளம் தாண்டுவதற்குள் சூடேறி, இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் கர்ரென்று பல் அரைக்கிற சத்தம், கியர் குமிழ் உள்ளங்கையில் அதிர்கிறது. நியூட்ரலில் ஒரு தடவை கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போட்டால் விழுந்துவிடும். அப்புறம் வண்ணாரப்பேட்டை நெரிசலில் மாட்டினால் ஒன்றாவது கியரும் ரிவர்ஸும்கூட முரண்டு பிடிக்கின்றன, இன்ஜினை அணைத்தால் எல்லாம் லேசாக விழுகிறது.

செய்து பார்த்தவை: கியர் ஆயில் மாற்றியாச்சு (75டபிள்யூ-90, ஜிஎல்-4). வடித்த பழைய ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொன்னிறத்தில் மினுமினுவென்று பொடி மிதந்தது, அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. கிளட்ச் ஆயில் மாற்றிக் குழாயில் இருந்த காற்றை எடுத்தோம், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளுகிற கீழ் சிலிண்டரும் புதுசு. ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடியே.

மெக்கானிக் அண்ணாச்சி சின்க்ரோ வளையம் (கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை வளையம்) போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார். எனக்கென்னவோ கிளட்ச் முழுசாக விடுபடாததுதான் வளையத்தைத் தேய்க்கிறது என்று படுகிறது.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரை (மிதியோடு இணைந்த மேல் சிலிண்டரை) மாற்றிப் பார்க்கலாமா?