மறுமொழி: கண்டுபிடித்தவர் பெயரே பொருளுக்கும் பெயரானால் – கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். டீசல் போல, கண்டுபிடித்தவர் பெயரே பொருளுக்கும் பெயராகிவிடுவதை ஆங்கிலத்தில் 'எப்போனிம்' (eponym) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இங்கே ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "புனைந்தோர்பெயர்" என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

புனைதல் என்றதும் கதை கட்டுவதுதான் முதலில் மனதில் வருகிறது. ஒருவர் உழைத்து உண்டாக்கிய பொருளுக்கு அது பொருந்தவில்லை ஐயா. தவிர, இதற்குப் புதுச்சொல் கட்டவே வேண்டியதில்லை. 'வள்ளுவரைப் படித்தேன்' என்று பள்ளியில் படித்தோமே, கருத்தாவாகுபெயர், அதுவேதான் இது. செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆகி வருகிறது. நன்னூலும் ஆகுபெயர் வரிசையில் 'கருவி காரியங் கருத்தன்' என்று கருத்தனை, அதாவது செய்தவரை, சேர்த்தே சொல்கிறது.

டீசலைப் பாருங்கள். ருடால்ஃப் டீசல் என்பவர் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரத்துக்கு அவர் பெயர் வந்தது. அப்புறம் அந்த இயந்திரம் குடிக்கிற எண்ணெய்க்கும் அதே பெயர். கருமை என்னும் பொருளுடைய கார், மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து மழைக்காலத்துக்கு ஆவதை இருமடியாகுபெயர் என்கிறோம். பங்கில் 'டீசல் போடுங்க' என்று லாரிக்காரர் சொல்வதும் அச்சாக அதே இருமடிதான். இத்தனை நுட்பமான பிரிவுகள் கையில் இருக்கும்போது பிறமொழிச் சொல்லை உடைத்து உடைத்து மொழிபெயர்க்க வேண்டுமா?

நாளாக ஆக டீசல் வெறும் பொதுப்பெயராகிவிட்டது, இன்னும் அதை ஆகுபெயர் என்று சொல்லலாமா என்று தருமபுரி நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நன்னூல் 'தொன்முறை யுரைப்பன' என்கிறது. வழிவழியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் ஆகுபெயர். பழகிப்போனதால் அது ஆகுபெயர் இல்லை என்று ஆகாது.

ஆனால் எல்லாச் சொல்லையும் இதில் அடைக்க முடியாது, சிக்கல் அங்கேதான். போர்வெல்லுக்கு இறக்குகிற ஜி.ஐ. பைப்பில் 'ஜி' என்பது கால்வனைஸ்டு, அதாவது துத்தநாகம் பூசியது. அந்தச் சொல் கால்வானி என்பவரின் பெயரிலிருந்து வந்தது. கால்வானி தவளைக் காலில் மின்சாரத்தை ஆராய்ந்த இத்தாலியர், 1798இல் காலமானார். இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837இல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் சொரெல். பைப்பில் சொரெலின் பெயர் இல்லை. நம் தோப்புகளில் காய்க்கிற அல்போன்சா மாம்பழமும் அப்படித்தான். அது அல்போன்சோ டி அல்புகெர்க் என்ற போர்ச்சுகீசிய ஆளுநரின் பெயர், ஒட்டுக் கட்டியவர் பெயரல்ல. இவற்றையும் கருத்தாவாகுபெயர் என்று எழுதினால் செய்யாதவரைச் செய்தவராக்கிவிடுவோம். உண்மையில் செய்தவருக்கு அது அநீதி.

ஆகவே ஆளின் பெயரால் வந்த எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஆள்வழிப்பெயர்' என்று வைப்போம். அதற்குள், பெயருக்கு உரியவரே பொருளை ஆக்கியவராக இருந்தால் மட்டும் 'கருத்தாவாகுபெயர்'.

ஒரே ஒரு சொல்லில்தான் எனக்குத் தயக்கம். ஓசூர்ப் பட்டறைகளில் 'வெர்னியரை எடு' என்பது அன்றாடப் பேச்சு. மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தை அளக்கிற கருவி அது. முதன்மைக் கோலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை, நகரும் சின்னக் கோலில் 50 பங்காக்கியிருப்பார்கள். பங்குக்கு 0.98 மி.மீ., அதாவது முதன்மைக் கோலின் 1 மி.மீ. பங்கைவிட 0.02 மி.மீ. குறைவு. சின்னக் கோலின் எந்தக் கோடு மேலே உள்ள கோட்டோடு நேராக நிற்கிறதோ, அதை வைத்து 0.02 மி.மீ. வரை அளந்துவிடலாம். இந்த நகரும் கோலை 1631இல் விளக்கி எழுதியவர் பியர் வெர்னியர். ஜெர்மன்காரர்களோ அதே கோலை நோனியஸ் என்கிறார்கள். போர்ச்சுகீசியக் கணித அறிஞர் பெத்ரோ நூனஸ் 1542இல் வேறொரு வழியைச் சொல்லியிருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வில்களை வரைந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு எண்ணிக்கையில் பிரிக்கும் முறை அது. சின்ன அளவைப் படிக்கும் யோசனைக்கு அவர் முன்னோடி, நகரும் கோல் அவருடையதல்ல.

என்னைக் கேட்டால் வெர்னியர் கருத்தாவாகுபெயர், நோனியஸ் ஆள்வழிப்பெயர். பட்டறையில் இருக்கும் நண்பர்கள் இதற்கு ஒப்புகிறார்களா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இப்படியே அகராதியில் சேர்த்துவிடலாம்.