கார் நிறுத்துற தளத்துக்கு நைலான் நார்: எங்க குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

[காலை 7:05] செல்வம்: எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை கார் நிறுத்துற இடத்துக்கு கான்கிரீட். 20 அடிக்கு 15 அடி, 4 இஞ்ச் கனம், எம் 20 (கான்கிரீட்டோட வலிமைத் தரம்). காம்பவுண்ட் சுவர் வெளிப்பூச்சும் கூடவே வருது. "நைலான் நார் சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் போட்ருவோம், கம்பி வேண்டாம்"னு மேஸ்திரி சொல்றாரு. சரியா?

[7:09] முருகேசன் சித்தப்பா: நாரும் போடு, கம்பியும் போடு. 8 மி.மீ. கம்பி, 8 இஞ்ச் இடைவெளி, நீளவாக்கிலயும் அகலவாக்கிலயும். ஒண்ணு செய்ற வேலையை இன்னொண்ணு செய்யாது.

[7:10] செல்வம்: அப்ப நார் எதுக்கு?

[7:18] கவிதா அக்கா: முதல் நாளுக்கு. கான்கிரீட் கொட்டி இறுகுற வரைக்கும் மேல இருக்கிற தண்ணி காத்துல போகுது. கீழிருந்து ஊறி வர்ற தண்ணியை விட அது வேகமாப் போனா மேல்தோல் சுருங்கும். அந்த நேரம் கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்க வலுவே கிடையாது, பிளந்துடும். சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணி ஆவியானாலே ஆபத்துன்னு கணக்கு. உன் தளம் 28 சதுர மீட்டர், அதாவது மணிக்கு 28 லிட்டர். தூத்துக்குடி வெயிலுக்கும் காத்துக்கும் அது பெரிய விஷயமில்ல.

[7:20] கவிதா அக்கா: அந்த நேரத்துல குறுக்க குறுக்க இழை கிடந்தா பிளவு விரியாம பிடிச்சுக்கும். 20 மைக்ரான் (0.02 மி.மீ.) தடிமன், 12 மி.மீ. நீளம்னா, ஒரு கன மீட்டருக்குப் போடுற 600 கிராம் நார்ல கிட்டத்தட்ட 14 கோடி இழை வரும். வேலை செய்றது அந்த எண்ணிக்கைதான். கம்பியோ தோலுக்கு ரெண்டு இஞ்ச் கீழ கிடக்கு, முதல் நாள் அதுக்கு மேல நடக்கிறதே தெரியாது.

[7:22] முருகேசன் சித்தப்பா: அதே மாதிரி நாளைக்கு மண்ணு இறங்கினா நாருக்கு ஒண்ணும் தெரியாது. அமுக்கு வலிமையும் நாரால கூடாது. எம் 20 போட்டா எம் 20தான்.

[7:31] ரவி அத்தான்: அளவுக்கு வருவோம். 300 சதுர அடி × 4 இஞ்ச் = 100 கன அடி, 2.83 கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3-ன்னா 23 மூட்டை சிமெண்ட். மெல்லிசு நைலான் நாருக்குப் பொதுவா கன மீட்டருக்கு 600 கிராம். ஆக மொத்தமே 1.7 கிலோ, மூட்டைக்கு 75 கிராம்.

[7:32] செல்வம்: அப்ப 125 எங்கிருந்து வந்துச்சு அத்தான்?

[7:35] ரவி அத்தான்: அது பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் பாக்கெட் கணக்கு. நம்ம பக்கம் கடையில "ஃபைபர்"னு கேட்டா வர்றது அதுதான். மேஸ்திரிங்க எல்லாத்தையும் "நைலான்"னுதான் சொல்லுவாங்க. பாக்கெட் மேல என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் அளவு.

[7:36] செல்வம்: சாம்பிளுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். மேல "நைலான்"னு பேனால எழுதியிருக்கு. பிரிண்ட் ஒண்ணும் இல்ல.

[7:37] முருகேசன் சித்தப்பா: பேனால எழுதினா வைரம்னு கூட எழுதலாம்

[7:44] கவிதா அக்கா: வீட்டுலயே பார்த்துடலாம் செல்வம். ரெண்டு டம்ளர் எடு. ஒண்ணுல நல்ல தண்ணி, இன்னொண்ணுல உப்புத் தண்ணி, லிட்டருக்கு 350 கிராம் கல்லுப்பு போட்டு முழுசா கரையுற வரை கலக்கு. ரெண்டுலயும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விடு, இல்லன்னா காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டு எல்லாமே மிதக்கும். சிட்டிகை நார் போட்டு நல்லாக் கலக்கி 10 நிமிஷம் விடு.
நல்ல தண்ணியிலயே மிதந்தா பாலிப்ரொப்பிலீன் (அடர்த்தி 0.91).
நல்ல தண்ணில மூழ்கி, உப்புத் தண்ணில மிதந்தா நைலான் (1.14).
ரெண்டுலயும் மூழ்கினா பாலியெஸ்டர் (1.38).
உப்புத் தண்ணி 1.2 பக்கம் வரும், அதான் சூட்சுமம்.

[7:46] சரோஜா அத்தை: கல்லுப்பு டப்பாவை எடுத்தா திரும்ப இருந்த இடத்துல வை

[7:52] பாண்டி மாமா: ஒரு சந்தேகம். ஹார்பர்ல கிழிஞ்ச தங்கூசி (ஒத்தை நரம்பு) வலை குவிஞ்சு கிடக்கு. அதுவும் நைலான்தானே? வெட்டிப் போட்டா காசு மிச்சம்.

[7:59] கவிதா அக்கா: தங்கூசி நைலான்தான் மாமா. (இழுவலை அப்படி இல்ல, அது பெரும்பாலும் பாலிஎத்திலீன், மிதக்கும்.) ஆனா தங்கூசி நரம்பு 0.2 மி.மீ. தடிமன். பாக்கெட் நாரை விடப் பத்து மடங்கு. தடிமன் பத்து மடங்குன்னா அதே எடைக்கு இழை எண்ணிக்கை நூத்துல ஒண்ணு. முதல் நாள் விரிசலைப் பிடிக்க அது பத்தாது. இத்தாலியில பழைய வலையை வெட்டி சாந்துல கலந்து சோதிச்சிருக்காங்க. அங்க கிடைச்ச பெரிய பலன் உடைஞ்ச பிறகு சட்டுனு விழாம இழுத்துப் பிடிக்கிற குணம். அதுக்குப் போடுற அளவும் பல மடங்கு.

[8:01] முருகேசன் சித்தப்பா: வலையில உப்பு இருக்கும் மச்சான். கான்கிரீட்டுக்குள்ள உப்பு போனா கம்பி துருப்பிடிக்கும். ஊற வச்சு அலசி, முடிச்சு நீக்கி, ஒரே நீளமா வெட்டி முடிக்கிற கூலியில 1.7 கிலோ புது நாரே வாங்கிரலாம்.

[8:10] செல்வம்: கலக்குறது எப்படி? மிக்ஸர் மெஷின்தான், மூட்டைக்கு ஒரு டிரம்.

[8:17] ரவி அத்தான்: முதல்ல ஜல்லியும் பாதித் தண்ணியும். டிரம் சுத்தும்போதே நாரை உதிர்த்து உதிர்த்துத் தூவணும். ஜல்லி இடிச்சு இடிச்சு கட்டைப் பிரிக்கும். ஒரு நிமிஷம் கழிச்சு மணல், சிமெண்ட், மீதித் தண்ணி. அப்புறம் 3 நிமிஷம் முழுசா சுத்தணும். கடைசியில கைப்பிடியா அள்ளிப் போட்டா உருண்டை உருண்டையா நிக்கும், உருண்டை இருக்கிற இடம் ஓட்டைக்குச் சமம். 75 கிராமை முந்தின நாளே சமையல் தராசுல நிறுத்து 23 பொட்டலமாக் கட்டி வை. சைட்ல கண்ணளவு வேண்டாம்.

[8:19] முருகேசன் சித்தப்பா: முக்கியமான இடம் இனிமேதான். நார் விழுந்ததும் கலவை கெட்டியாத் தெரியும். சித்தாள் உடனே "நார் தண்ணியைக் குடிச்சிருச்சு"ன்னு ஒரு வாளி ஊத்தும். விடாத.

[8:23] கவிதா அக்கா: ஆமா. நைலான் ஈரம் இழுக்கும்தான், ஆனா முழுக்க ஊறினாக்கூட தன் எடையில 9 சதவீதம் பக்கம். 1.7 கிலோவுக்கு 150 மில்லி, அதுவும் 23 மூட்டைக்கும் சேர்த்து! கெட்டியாத் தெரியுறது இழை குறுக்க மறிக்கிறதால. வைப்ரேட்டர் வச்சா நல்லாவே இறங்கும். மூட்டைக்கு 25 லிட்டர்தான் உச்சம், மணல் ஈரமா இருந்தா அதையும் கழிக்கணும். 5 லிட்டர் கூட ஊத்தினா நார் போட்ட பலனும் குறையும், கான்கிரீட் வலிமையும் குறையும்.

[8:24] ரவி அத்தான்: ஓடவே இல்லன்னா பிளாஸ்டிசைசர் (தண்ணி கூட்டாம கலவையை இளக்குற மருந்து) விடு, பாட்டில்ல போட்டிருக்கிற அளவு. தண்ணி கிடையாது.

[8:30] செல்வம்: மேல்முகத்துல நார் முடி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்கிறாங்களே?

[8:36] முருகேசன் சித்தப்பா: சீக்கிரமே கரண்டி போட்டா நிக்கும். ஊறின தண்ணி மேல மினுமினுக்கும், அது தானா அடங்குற வரைக்கும் தொடாத. காய்ஞ்ச சிமெண்ட்டைத் தூவி தண்ணியை இழுக்குற பழக்கம் உண்டு, அது பொடிப்பொடியா வலைவிரிசல் விடும், தூசி பறக்கும். கார் ஏறுற இடம், வழுவழுன்னு வேண்டாம். துடைப்பத்தை ஒரே திசையில இழுத்து விடு. ரெண்டொரு முடி நின்னா டயர் தேய்ச்சே போயிடும்.

[8:41] கவிதா அக்கா: வெட்டு ஜாயிண்ட் (விரிசல் கோட்டோட போறதுக்கு நாமளே வெட்டி விடுற கோடு) மறந்துடாத. 10 அடிக்கு 7½ அடியா நாலு கட்டம். மறுநாள் காலையிலயே, ஓரம் பெயராத அளவு இறுகினதும், 1 இஞ்ச் ஆழம் வெட்டணும். ரெண்டு நாள் தள்ளினா கான்கிரீட் தானே இடம் பார்த்து வெட்டிக்கும். பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா குறைஞ்சது 10 நாள் ஈரம் காயக்கூடாது. நார் க்யூரிங்குக்கு மாற்று இல்ல.

[8:43] ரவி அத்தான்: மதியம் 3 மணிக்கு மேல கொட்டு. முடிச்ச இடத்துல உடனே பிளாஸ்டிக் ஷீட்.

[8:50] செல்வம்: சுவர்ப் பூச்சுக்கும் இதே நாரா?

[8:57] முருகேசன் சித்தப்பா: நீளம் மாறும். பூச்சுக்கு 6 மி.மீ. 12 மி.மீ. நார் கரண்டியில சுருண்டு இழுபடும், கோடு கோடா விழும். கையால கலக்குறதா இருந்தா நாரை வாளித் தண்ணில போட்டுக் குச்சியால நல்லாப் பிரிச்சு விட்டு, அந்தத் தண்ணியையே கலவைக்கு ஊத்து. சிமெண்ட், மணல் 1:5, மணல் பி-சாண்ட் (பூச்சுக்குன்னு அரைச்ச மணல்). எம்-சாண்ட் (கல்லை உடைச்ச மணல்) தூசி கூடின சரக்குன்னா எந்த நார் போட்டாலும் வெடிக்கும். சுவரை முந்தின நாளே நனைச்சு வை. செங்கலும் கான்கிரீட் தூணும் சேர்ற இடத்துல கோழிவலை அடிச்சே ஆகணும், அந்த விரிசல் நாருக்கு அடங்காது.

[9:20] செல்வம்: டம்ளர் ரெடி. நல்ல தண்ணில மூழ்கிருச்சு. உப்புத் தண்ணிலயும் அடியில போய்ப் படுத்துருச்சு.

[9:21] ரவி அத்தான்: பாலியெஸ்டர்

[9:26] கவிதா அக்கா: தூக்கிப் போட வேண்டாம். சிமெண்ட்டோட காரம் பாலியெஸ்டரை நாளடைவுல அரிக்கும், நைலான் அதைத் தாங்கும். ஆனா நமக்கு வேணுங்கிறது முதல் நாள் வேலை, அதை இதுவும் செய்யும். நைலான் விலை குடுத்திருந்தா மட்டும் திருப்பிக் குடு.

[9:27] செல்வம்: நைலான் விலைதான் குடுத்தேன்

[9:28] முருகேசன் சித்தப்பா: அப்ப டம்ளரோட கடைக்குப் போ. நல்ல நைலான் கிடைச்சா 75 கிராம், இல்ல பிரிண்ட் போட்ட பாலியெஸ்டர்னா பாக்கெட்ல உள்ளபடி. கம்பியில கை வைக்காத.

[9:30] சரோஜா அத்தை: அந்த உப்புத் தண்ணியை என் கறிவேப்பிலைச் செடியில ஊத்திராத

[9:31] முருகேசன் சித்தப்பா: கலவை வாளியிலயும்