நியூயார்க்கிலிருந்து நியூஜெர்சிக்கு மாறியவர்கள் உதவ முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். போன வருடம் மார்ச்சில் மன்ஹாட்டனில் பார்த்துவந்த வேலை போய்விட்டது. நியூயார்க் மாநிலத்தில் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். வாடகை கட்டுப்படியாகாமல் ஜூலையில் குடும்பத்தோடு நியூஜெர்சியில் உள்ள எடிசனுக்கு வந்துவிட்டோம். உதவித்தொகை செப்டம்பர் வரை நியூயார்க்கிலிருந்தே வந்தது.

இப்போது 1099-ஜி படிவம் (அரசு கொடுத்த உதவித்தொகையைக் காட்டும் வரிப் படிவம்) வந்திருக்கிறது, மொத்தத்துக்கும் ஒரே தொகையாக. மத்திய வரிக்கு 10 சதவீதம் பிடிக்கச் சொல்லியிருந்தேன், அது சரி. மாநில வரியில்தான் குழப்பம். நியூஜெர்சி இந்தப் பணத்துக்கு வரி போடுவதில்லை, நியூயார்க் போடுகிறது. வேலை பார்த்தது நியூயார்க்கில் என்பதால் ஜூலைக்குப் பிறகு வந்ததும் அந்த மாநில வருமானம்தான் என்கிறார் ஒரு நண்பர். குடிபெயர்ந்த தேதியோடு முடிந்தது என்கிறார் இன்னொருவர். எனக்கு முதலாமவர் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

இப்படி வருட நடுவில் மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஐடி-203 படிவத்தில் (வருடத்தில் பாதி நாள் மட்டும் அங்கே இருந்தவர்களும் வெளிமாநிலத்தவரும் தாக்கல் செய்யும் நியூயார்க் மாநில வரிப் படிவம்) எப்படிக் காட்டினீர்கள்? வாரவாரியான பட்டியலை எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம், நியாயமான கட்டணத்தில் இரண்டு மாநிலத்துக்கும் தாக்கல் செய்யத் தெரிந்த கணக்கர் இருந்தாலும் சொல்லுங்கள். ஏப்ரல் 15 நெருங்குகிறது; சேமிப்பெல்லாம் கரைந்த நிலையில் அபராதம் வந்தால் தாங்காது.