தெருப் பறவைகளை எண்ணும்போது இருமுறை எண்ணாமல் இருப்பது எப்படி?

வேப்பமரத்தடி (கேள்வி):
நண்பர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஏறத்தாழ 40 வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர்த் தெருவில் குடியிருக்கிறேன். மேற்கே வாழைத்தோட்டம், கிழக்கே குளம், வீடுகளுக்குப் பின்னால் வரிசையாகப் பனைகள். பணி ஓய்வுக்குப் பிறகு காலை நடையோடு பறவைகளைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் ஏற்பட்டது. சென்ற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது முதன்முதலாக, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான இ-பேர்டில் பட்டியலும் ஏற்றினேன். இனங்களை அடையாளம் காண்பதில் பெரிய சிக்கல் இல்லை, எண்ணிக்கையில்தான் தடுமாறுகிறேன். என்னோடு அதே தெருவில் நடந்த என் மருமகன் 60 மைனாக்கள் என்று எழுத, நான் 24 என்று எழுதியிருந்தேன். தவிட்டுக்குருவிகளோ ஒரு கொல்லையிலிருந்து மறு கொல்லைக்குப் போவதும் வருவதுமாக இருப்பதால், திரும்பி நடக்கையில் பார்த்தது காலையில் எண்ணிய கூட்டம்தானா என்று சொல்லவே முடியவில்லை. எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் குறியிட்டால் போதும் என்கிறார்கள். காக்கையும் மைனாவும் எத்தனை என்று தெரிந்து யாருக்கு என்ன பயன் என்ற எண்ணமும் எழுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பனங்காடை:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் ஏற்றிய பதிவுகள். மின்கம்பியில் உட்கார்ந்திருந்ததால் நாம் யாரும் பொருட்படுத்தாத பனங்காடை குறைந்து வருகிறது என்பதும், மயிலும் குயிலும் பெருகி வருகின்றன என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. அரிய பறவையைத் தேடிப் பலர் போவார்கள்; ஒரே தெருவின் மைனாவை ஆண்டுதோறும் எண்ண அங்கே குடியிருப்பவரால்தான் முடியும். எக்ஸ் குறி அந்தப் பறவை இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது உதவாது. தோராயமான எண்கூட அதைவிட மேல்.

இனி வழிமுறை. போகும்போது மட்டும் எண்ணுங்கள். அதே பாதையில் திரும்பும்போது புதிய இனம் கண்ணில் பட்டாலோ, முன்பு பார்த்ததைவிடப் பெரிய கூட்டம் தென்பட்டாலோ மட்டும் பட்டியலைத் திருத்துங்கள். தூரத்தையும் ஒருவழிக்கே குறிக்க வேண்டும். உங்கள் மருமகனின் 60 பெரும்பாலும் இருவழிக் கூட்டலாக இருக்கும் என்பது என் ஊகம். தகைவிலான்கள் கம்பியில் நெருக்கமாக அமர்ந்திருந்தால் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் உள்ளவற்றை எண்ணி, அதே நெருக்கத்தில் அவை அமர்ந்துள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளலாம்.

தவிட்டுக்குருவிகளுக்குத் தனி உத்தி உண்டு. புதருக்குள் அவை சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்போது எண்ண முயன்றால் தோற்றுத்தான் போவோம். ஆனால் ஒரு கூட்டம் சந்து ஒன்றையோ சுவரையோ கடக்கும்போது மொத்தமாகப் பறப்பதில்லை. ஒன்று தாழப் பறந்து எதிர்ப்புறம் இறங்கும், சற்றுப் பொறுத்து அடுத்தது, அதன்பின் இன்னொன்று. அந்த இடத்தில் அசையாமல் நின்றால் போதும்.

மாடிவீட்டுக்காரன்:
நடப்பதை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, விடிந்தவுடன் 15 நிமிடம் ஒரே இடத்தில் அமர்ந்து பாருங்கள். எந்த இனத்துக்கும் ஒரே நேரத்தில் ஒருசேரத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையையே எழுதினால், வந்த மைனாவே மறுபடி வந்ததா என்ற கவலை குறையும். கறுப்பு ஆண் குயிலும் புள்ளி போட்ட பெண் குயிலும் வெவ்வேறு நேரத்தில் வந்தாலும் இரண்டு என்று துணிந்து எழுதலாம். ஆண் குயில் வெவ்வேறு நேரத்தில் இருமுறை வந்தால் ஒன்றுதான். பனைகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன் கூடு கட்டும் என்பதால் அதற்கும் மாடியே வசதி.

கொல்லைப்புறம்:
எண்ணுவதற்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிடுவது நல்லது. நான் தொடங்கிய முதல் வாரத்தில், எதிர்வீட்டு முருங்கைமரத்துத் தேன்சிட்டை இருநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அக்கா துணி காயப்போட வந்து முகம் சுளித்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் இருநோக்கியை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டிய பிறகு, மரத்தில் எது வந்தாலும் கூப்பிட்டுச் சொல்பவர் அவர்தான். இன்னொன்று: இ-பேர்டில் இடத்தைக் குறிக்கும்போது வீட்டின் மேலேயே புள்ளி வைத்துப் பெயரும் எழுதாமல், தெருவுக்குப் பொதுவான ஒரு பெயரை வையுங்கள்.

வேப்பமரத்தடி:
அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாக மாடியிலும் தெருவிலும் மாறிமாறி முயன்றேன். இன்று காலை தவிட்டுக்குருவிகள் பால்பண்ணைச் சுவரைத் தாண்டும் இடத்தில் நானும் மருமகனும் எதிரெதிரே நின்று எண்ணினோம். இருவருக்கும் 11 என்றே வந்தது. குறித்துவிட்டு நகர்ந்த பிறகு, சுவருக்கு அந்தப்பக்கம் எதையோ கிளறிக்கொண்டிருந்த பன்னிரண்டாவது, கத்திக்கொண்டே தனியாகப் பறந்து போயிற்று. பட்டியலைத் திருத்திவிட்டேன்.